ஒழுகும் மாடிக்குச் சிக்கன வைத்தியம்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். திருவிடந்தைப் பெருமாளுக்கு இரண்டாவதில் கஷ்டமே இல்லை. காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருத்தியாகக் கைப்பிடித்து, நித்ய கல்யாணப் பெருமாள் என்று பேரும் வாங்கிவிட்டார். வீட்டு விவகாரம்தான் நம்மைப் போன்றவர்கள் தலையில்! அதுவும் வாடகைக்கு விட்ட வீடாக இருந்து, கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அந்த ஊரில் என் மாமியார் விட்டுப்போன சின்ன வீடு ஒன்று இருக்கிறது. ஓர் அறை, கூடம், சமையல்கட்டு, மேலே மொட்டை மாடி. குடியிருப்பது ஒரு இளம் தம்பதி. அப்போது அவர்களுக்கு ஆறு மாசக் கைக்குழந்தை.

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரையைக் கடந்தது அல்லவா? மறுநாள் காலையிலேயே அந்தப் பெண்ணிடமிருந்து போன்.

"அக்கா, கூடத்துல மேல்பூச்சு பெயர்ந்து விழுந்துடுச்சு. பாப்பாவோட தூளி அங்கதான் கட்டியிருந்தேன். காத்துக்குப் பயந்து ராத்திரி எங்க பக்கத்துல போட்டுக்கிட்டதால தப்பிச்சோம்."

எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால், "மாடித் தளம் தேய்ஞ்சு போச்சு அக்கா, தண்ணி நிக்குது" என்று அதற்கு முன் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். நான் என்ன செய்தேன்? ஒரு கொத்தனாரை அனுப்பி, இரண்டு மூட்டை சிமெண்டைக் கரைத்து மேலே பூசச் சொன்னேன். செலவு குறைவு என்று சந்தோஷம் வேறு! அந்தத் தப்பை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது

சகோதரிகளே, மேற்கூரையில் ஈரக் கறையோ, பழுப்புக் கோடோ, வெடிப்போ தெரிந்தால் அதன் கீழே குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். ஒட்டடைக் குச்சியின் அடிப்பக்கத்தால் சற்றுத் தள்ளி நின்று தட்டிப் பாருங்கள். 'பொக் பொக்' என்று சத்தம் வந்தால் பூச்சு விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்துக் கொக்கியில் தூளியும் வேண்டாம், ஊஞ்சலும் வேண்டாம். ரிப்பேர் முடியும்வரை தூளிக்கு ஸ்டாண்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? மாடியில் தேங்கும் தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்குகிறது. கடற்காற்றின் உப்பும் கூடவே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக் கொள்ளும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளந்து கொண்டு வெளியே வருகிறது. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்தத் துருவைப் பற்றிப் பல காலமாக ஆராய்ந்து, கம்பிக்கான காப்புப் பூச்சுகளைக் கண்டுபிடித்திருக்கிறது. கடற்காற்றில் வைத்துச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. அவ்வளவு பொல்லாத விஷயம் இது.

எந்தச் சாமானை வாங்குவது?

நான் நாலு கடை ஏறி இறங்கி, இரண்டு மேஸ்திரிகளையும் கேட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

சிமெண்ட் பால்: எல்லாவற்றிலும் மலிவு இதுதான். ஆனால் வெயிலில் தளம் விரியும், மழையில் சுருங்கும். மெல்லிய பூச்சு அதற்கு ஈடு கொடுக்காமல் வெடித்துவிடும். என் வீட்டில் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை.

டப்பாவில் வரும் நீர்த்தடுப்புப் பூச்சு: பிரஷ்ஷால் இரண்டு மூன்று கை அடிக்க வேண்டும், வெடிப்பின் மேல் வலைத்துணி வைத்து அடித்தால் இன்னும் நல்லது. தளம் கெட்டியாக இருந்து, மயிரிழை வெடிப்பு மட்டும் இருந்தால் இதுவே போதும். தண்ணீர் தேங்கும் தளத்தில் உரிந்து வந்துவிடும். சில வருஷத்துக்கு ஒரு தரம் திரும்ப அடிக்கவும் வேண்டும்.

தார் ஷீட்: வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கறுப்பாக இருப்பதால் வெயிலை இழுத்து வீட்டைக் கொதிக்க வைக்கும். அதன் மேல் வடாம் பிழிய முடியுமா, நடமாடத்தான் முடியுமா?

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், மேலே தட்டோடும்: நம் ஊர்ப் பழைய வைத்தியம். ஜல்லி 32 பங்குக்கு நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. மணல் சேர்க்கக் கூடாது. சராசரி மூன்று அங்குல கனம் பரப்பி, கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பதும் உண்டு. கூலி அதிகம்தான், ஆனால் ஒழுங்காகச் செய்தால் வருஷக்கணக்கில் உழைக்கும், வீடும் குளிர்ச்சி.

உடைந்த பீங்கான் ஓடு: ஓடு விற்கும் கடைகளில் உடைசல் வெள்ளை ஓடுகள் மலிவாகக் கிடைக்கும். தட்டோட்டுக்குப் பதில் இவற்றைப் பதித்தால் வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். விளிம்புகள் கூர்மையாக இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இடுக்குகளைச் சாந்தால் நன்றாக நிரப்பி வழவழப்பாக்கச் சொல்லுங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

என் மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார்: "அம்மா, கண்ணுக்குத் தெரியறதுல கை வைங்க, தெரியாததுல வைக்காதீங்க." ரொம்ப உண்மை.

வாட்டம்தான் உயிர். பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானே ஓடிவிடும். மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்க்கட்டும். நீங்கள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நிற்கிற இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டு விடுங்கள். அங்கேதான் வேலை. எங்கள் மாடியில் இப்படிப் பார்த்ததில், முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை, ஒரு மூலையில் நூறு சதுர அடி மட்டும் போதும் என்று தெரிந்தது. மீதி இடத்தில் ஓட்டு இடுக்குகளைச் சுரண்டி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணலும், நீர்த்தடுப்பு மருந்தும் கலந்து நிரப்பினோம். பெயர்த்ததில் முழுசாக வந்த ஓடுகளைக் கழுவி மறுபடி பதித்தோம். குறைந்ததற்கு வெள்ளை உடைசல். மிச்சம் பிடித்தது இதில்தான்.

ஒன்பது அங்குலச் சதுர ஓடு, நூறு சதுர அடிக்கு 178 வேண்டும். உடைசலுக்குச் சேர்த்து 190 வாங்கினால் சரியாக இருக்கும்.

பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுத்தளம் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக் கொள்ளாதீர்கள். மூன்று அங்குல ஜல்லித் தளம் நூறு சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். ஏற்கெனவே துருப்பிடித்த கம்பி அதையும் சுமக்க வேண்டுமா?

தண்ணீரிலும் மணலிலும் கைவைக்கவே கூடாது. கடலோரத்துக் கிணறுகள் பல உப்புக் கரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர விதி. நாக்கில் உப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீர் லாரியில் வரவழையுங்கள். கடற்கரை மணல் சும்மா கிடைத்தாலும் வேண்டவே வேண்டாம்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைத்துப் பூசச் சொல்லுங்கள். மழைநீர்க் குழாய் நாலு அங்குலமாவது இருக்கட்டும். வாயில் ஒரு சல்லடை. கீழே, கம்பி தெரிந்த இடத்தில் பொக்கான காரையைத் தட்டி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காப்புப் பூச்சு அடித்த பிறகே கலவை பூசவேண்டும். கம்பியே மெலிந்து போயிருந்தால் பூசி மறைக்காமல் பொறியாளரிடம் காட்டுங்கள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஆயிரம் ரூபாய் வேலை இரண்டு வருஷம் வந்தால் வருஷத்துக்கு 500. ஐயாயிரம் ரூபாய் வேலை இருபது வருஷம் வந்தால் வருஷத்துக்கு 250. எது சிக்கனம்? நீங்களே சொல்லுங்கள்.

குழந்தை உள்ள வீட்டில்

சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். அந்தப் பக்கம் குழந்தைகள் போகவே கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவி, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மாடியில் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். வாரம் ஒரு தரம் மாடியைப் பெருக்கித் தள்ளுங்கள். சுவரில் பூஞ்சை பூத்தால் இளைப்புள்ள குழந்தைகளுக்கு ஆகாது.

செலவு யாருடையது?

வாடகைக்கு இருக்கும் சகோதரிகள் பலர், "சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்களோ" என்று வாய் திறப்பதில்லை. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, அறிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக் கொள்ளலாம். எது யார் கடமை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொள்ளுங்கள். புகாரை வாயால் மட்டும் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, படமும் பில்லும் பத்திரப்படுத்துங்கள். என் குடித்தனக்காரப் பெண் இரண்டு தடவையும் வாயால்தான் சொன்னாள். நானும் சுலபமாக மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வேலையைக் கோடையிலேயே ஆரம்பித்து ஆடிக்குள் முடித்துவிடுங்கள். தளத்தை ஒரு வாரமாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் அது நன்றாகக் காயவும் வேண்டும்.

நாங்கள் 2023 வைகாசியில் முடித்தோம். அந்த டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் நானே போன் பண்ணினேன்.

"ஒரு சொட்டு இல்லக்கா. பாப்பா தூங்குறா, மெதுவாப் பேசுங்க" என்றாள்.