முக்கியமான புத்தகம், சரி... நல்ல புத்தகமா?

சமீபத்தில் படித்த மூன்று புத்தகங்களைப் பற்றி எழுதலாம்னு உட்கார்ந்தேன். மூன்றுமே ஏதோ ஒரு வகையில் மலை சம்பந்தப்பட்டவை. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தையோட சண்டை போட்டே ஆகணும். அந்த வார்த்தை: 'முக்கியமான'.

தேயிலைத் தோட்டம், கூலி ஜனங்கள், மலைவாழ் மக்கள்னு ஒரு நாவல் வந்தா போதும். "முக்கியமான ஆவணம்", "அனைவரும் படிக்க வேண்டியது", "கண்ணீரை அடக்க முடியவில்லை"ன்னு எல்லாரும் வரிசையா எழுதிடறாங்க. சரிங்க, புத்தகம் நல்லா இருக்கான்னு கேட்டா பதில் வராது. கேட்டவன் கல்நெஞ்சக்காரன் ஆயிடறான்!

நான் விமர்சகன் கிடையாது. கோட்பாடு கீட்பாடு எல்லாம் தெரியாது. லவ்டேல் குளிர்ல இருட்டினதுக்கு அப்புறம் வெளியே போய் என்ன பண்றதுன்னு கம்பளிக்குள்ள புகுந்து படிக்கிற ரகம். காசு கொடுத்து வாங்கறேன். தூக்கம் வந்தா தூக்கம் வந்ததுன்னுதான் சொல்வேன்.

இனி புத்தகங்கள்.

1) எரியும் பனிக்காடு

பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று 1969-ல் எழுதியது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது 2007-ல். நம்ம ஜனங்களோட கதை நம்ம மொழிக்கு வர 38 வருஷம்! பாலாவின் 'பரதேசி' (2013) இதிலிருந்து கிளம்பினதுதான்.

முதல்ல ஒண்ணு. இது ஊட்டி கதை இல்லை சாமி. வால்பாறைப் பக்கம், ஆனைமலை. தேயிலைன்னாலே ஊட்டின்னு நினைச்சுக்கிட்டு எங்ககிட்ட வந்து துக்கம் விசாரிக்கறாங்க. டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர், தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர். கதை நடப்பது 1920-களில். தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951-ல்தான். அதற்கு முந்தைய காலம்.

என் அபிப்பிராயம்: கருப்பனும் வள்ளியும் மனசில் முழுசா நிற்கவில்லை. நல்லவங்க முழுக்க நல்லவங்க, கெட்டவங்க முழுக்கக் கெட்டவங்க. சில இடங்களில் பாத்திரங்கள் பேசறாங்களா, மேடையில் முழங்கறாங்களான்னே தெரியலை. ஆனா மேஸ்திரி கொடுக்கிற முன்பணம், அதுக்குப் பிடித்தம், கணக்குத் தீர்க்கிற நாளில் கூலிக்குப் பதிலா மிஞ்சுற கடன்... அந்தக் கணக்குதான் ஆளை அசைக்குது. அழுது புலம்பாம, ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி எழுதின இடங்கள் அவை. இந்த நாவலோட பலம் கண்ணீர்ல இல்லை, கணக்குல இருக்கு. "கண்ணீர் வந்தது"ன்னு எழுதினவங்க எத்தனை பேர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாங்க?

2) குறிஞ்சித்தேன்

ராஜம் கிருஷ்ணன், 1963. இது அசல் நீலகிரி. படகர்களின் கதை. கணவர் மின்துறை இன்ஜினியர் என்பதால் இங்கே வந்து வாழ்ந்தவர். ஹட்டிகளுக்குப் போய், பழகி, விசாரிச்சு எழுதினது. 12 வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கிற குறிஞ்சிதான் நாவலின் கடிகாரம்.

முதல் நூறு பக்கம் எனக்கு மலையேற்றம். இந்தச் சடங்கு எதுக்கு, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு விளக்கிக்கிட்டே போறார். சேகரிச்ச குறிப்பை வீணாக்க மனசில்லை போல. ஆனா கோயில் பணிக்குப் போகிற ஜோகி, காசு பக்கம் சாய்கிற ரங்கன், மண்ணை விட மாட்டேன்னு நிற்கிற பாரு, இவங்க கைக்குக் கதை வந்ததும் பாருங்க! மின்சாரமும் பணமும் மலைக்கு ஏறி வரும்போது ஒரு ஊருக்குள்ளேயே அண்ணன் தம்பி எப்படிப் பிரியறாங்கன்னு வெளியூர்க்காரர் ஒருத்தர் இவ்வளவு நெருங்கி எழுதினது ஆச்சரியம்தான். இங்கே யாரும் பரிதாபத்துக்குரிய ஜனங்கள் இல்லை. பேராசையும் பொறாமையும் உள்ள மனுஷங்க. அதுதான் மரியாதை.

3) மதர் மேரி கம்ஸ் டு மீ

அருந்ததி ராய், 2025. எங்க லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் படித்தவர். அம்மா மேரி ராய் கணவரை விட்டு இரண்டு குழந்தைகளோடு ஊட்டியில் தன் அப்பாவின் சின்ன வீட்டில் வந்து தங்குகிறார். ஆஸ்துமா வேற. பெண்ணுக்கு இதில் பங்கில்லை, காலி பண்ணுன்னு சொந்த வீட்டு மனுஷங்களே வந்து நிற்கறாங்க. அந்த அம்மாதான் பின்னால் வழக்குப் போட்டு, 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் கேரள சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு வாங்கினார்.

இப்பேர்ப்பட்ட அம்மாவைத் தெய்வமாக்கறது ரொம்ப சுலபம். மகள் அதைச் செய்யலை. ஊருக்குப் போராளி, வீட்டில் குழந்தைகளைக் குதறின அம்மா, ரெண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிறார். பின்பாதியில் மகளின் அரசியல் பயணங்கள் நீளும்போது எனக்கு அலுத்தது. அம்மா திரும்ப வந்ததும் புத்தகத்துக்கு உயிர் வந்தது.

ஆக, மூன்றிலும் எது நிற்குதுன்னு பாருங்க. பரிதாபப்படற இடம் எதுவும் நிற்கலை. மனுஷனை மனுஷனாப் பார்த்த இடம்தான் நிற்குது.

"கஷ்டப்படற ஜனங்க கதையில போய் சுவாரஸ்யம் தேடலாமா?"ன்னு கேட்பீங்க. ஏன் தேடக் கூடாது? சோழ ராஜா கதைன்னா விடிய விடிய படிக்க வைக்கணும், கொழுந்து கிள்றவ கதைன்னா மட்டும் கடமைக்குப் படிக்கணுமா? அவளுக்கு நல்ல நாவல் வேணாம், 'ஆவணம்' போதும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? போர் அடிக்குதுன்னு சொல்றது அவளை அவமதிக்கிறது இல்லை. அவளைப் பத்தி எழுதினா எப்படி இருந்தாலும் பரவாயில்லைன்னு விடறதுதான் அவமதிப்பு.

லைன் வீட்டில் வளர்ந்து காலேஜ் போற பொண்ணு இந்தப் புத்தகங்களை ஒரு நாள் எடுப்பா. நாம எழுதி வெச்ச 'கண்ணீர்' மதிப்புரையைப் பார்த்தா, "எங்க பாட்டி அழுதுக்கிட்டே மட்டும் இருக்கலையே"ன்னு மூடி வெச்சிடுவா. அந்தப் பாட்டி சண்டை போட்டா, கிண்டல் பண்ணினா, சீட்டு கட்டினா, வெள்ளிக்கிழமை சினிமாவுக்கும் போனா.

அதனால அடுத்த தடவை 'முக்கியமான'ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. எந்தப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீங்க, எந்தப் பக்கத்தில் கொட்டாவி விட்டீங்க? அதைச் சொல்லுங்க போதும். மாலையைப் பேராசிரியர்கள் போட்டுக்கட்டும்.

அடிக்க வர்றவங்க ஸ்வெட்டரோட வாங்க. இங்க குளிர் ஜாஸ்தி :-)