விலக்க வேண்டிய திரையும் காக்க வேண்டிய திரையும்

வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலக, அன்பர்கள் ஜோதியைத் தரிசிக்கின்றனர். அறியாமைத் திரைகள் அகன்றாலன்றி அருளொளி புலப்படாது என்பதே, 1872-ஆம் ஆண்டு வள்ளலார் எழுப்பிய அச்சபை உணர்த்தும் பொருள். இல்லந்தோறும் ஒளிரும் தொலைக்காட்சித் திரை அறியாமையை நீக்குகிறதா, பிறர் துன்பத்தை வேடிக்கையாக்குகிறதா என்று ஆராய்வது பெரியோர் கடமை.

அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு முதல், பதினாறு வயதில் கருவுற்ற பெண்களின் வாழ்வை எம்.டி.வி. தொடராகக் காட்டியது. உறக்கமற்ற இரவுகள், தடைப்பட்ட படிப்பு, பணமுடை ஆகியன மறைக்கப்படவில்லை. இழிந்த பொழுதுபோக்கு என்று பலர் கண்டித்தனர். எனினும், தொடர் தொடங்கியபின் பதினெட்டு மாதங்களில் அதன் விளைவாகப் பதின்பருவத்தினரின் பேறுகள் 5.7 விழுக்காடு குறைந்தன எனக் கியர்னி, லெவின் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2014-இல் கணித்தனர். அக்கணிப்பை மறுத்தவர்களும் உண்டு.

தமிழகத்தில் 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சி குடும்பத் துயரங்களை ஊரறியக் காட்டியது. 2018-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பாலியல் கொடுமைக்குள்ளான குழந்தையின் பெயர், முகம், பள்ளி எதனையும் ஊடகம் வெளிப்படுத்தலாகாது என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். துன்பத்தின் காரணத்தைக் காட்டலாம். துன்புற்ற சிறுமியைக் காட்டலாகாது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களுள் 6.8 விழுக்காட்டினர் தாயாகியோ கருவுற்றோ இருந்தனர். இங்கு இதற்குப் பெருங்காரணம் இளவயதுத் திருமணமே. "கண் மூடுமுன் பேத்தியின் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்னும் முதியோரின் ஆசையும் அத்திருமணத்தை விரைவுபடுத்துவதுண்டு. அன்பினால் எழும் ஆசைதான். ஆயினும் முதிராத உடல் கருவைச் சுமக்கையில் இரத்தசோகையும், பேற்றுக்கால வலிப்பும், எடை குறைந்த குழந்தையும் நேரும் அபாயம் மிகுதி.

ஆகவே, இத்தகைய செய்தி திரையில் தோன்றும்போது பெரியோர் அதனை அணைத்துவிடுவதோ, அந்தப் பெண்ணைப் பழிப்பதோ தகாது. பழிச்சொல்லைக் கேட்கும் பேத்தி, தனக்கொரு துன்பம் நேர்ந்தால் வாய் திறக்கமாட்டாள். "உனக்கு எது நேர்ந்தாலும் எங்களிடம் சொல், அம்மா" என்று அவளிடம் கூறுதல் நலம். பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்கு எங்கேனும் மணம் பேசப்படுவதாக அறிந்தால் 1098 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம். ஜீவகாருண்யம் என்று வள்ளலார் போதித்த இரக்கம், அச்சிறுமிக்கும் உரியதே.