பிள்ளைக்கு நாம் சொல்லித் தரும் பாடம்

ஐதராபாத்தில் போலீசார் இரவில் பஸ்தியைச் சுற்றி வளைத்து வீடுவீடாகச் சோதனை போடுவது நமக்குப் புதிதல்ல. அதனால்தான் வேலைக்குப் போன பிள்ளை நேரத்தோடு திரும்பாவிட்டால் நம் தாய்மார்களின் வயிறு கலங்குகிறது. "நிறுத்தினால் ஓடாதே, எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம்.

அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்களும் இதையே சொல்லி வளர்க்கிறார்கள். ஆனால் 2014இல் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியுடன் நின்ற 12 வயது டமிர் ரைசுக்கு அந்தப் பாடம் உதவவில்லை. போலீஸ் வண்டி வந்து நின்ற சில விநாடிகளிலேயே சுடப்பட்டு, மறுநாள் இறந்தான். சுட்டவர்மீது குற்றவழக்கு நடக்கவே இல்லை.

அங்கே தோலின் நிறம். இங்கே மொழியும் சாதியும் வறுமையும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலர் மலைவாழ் மக்கள். செம்மரம் வெட்ட வந்து தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரப் போலீஸ். உடன் வந்தவர்கள் பஸ்ஸிலிருந்தே இறக்கிக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் கூறினர். அன்று இரு மாநிலங்களுக்கும் பொதுவாக நம் நகரத்தில் இருந்த உயர்நீதிமன்றத்துக்கே வழக்கு வந்தது. மரம் வெட்டியது குற்றமென்றே வைத்துக்கொள்வோம். அதற்கு எந்தச் சட்டத்தில் மரண தண்டனை?

2013இல் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் ஏறத்தாழ 300 தமிழர் பிடிக்கப்பட்டனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

ஆகவே பணிவு மட்டும் போதாது. உரிமையையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளையை லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்கள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி தருகிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். படிக்கத் தெரியாத தெலுங்குத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் பாடத்தில் இருக்கட்டும்.

நாமும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்துப் போனால், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். தனியே போகும் தாயை ஸ்டேஷன் வாசலிலேயே விரட்டிவிடலாம்; நாற்பது பேரை விரட்டுவது எளிதல்ல. அடுத்த முறை அந்தத் தாய் தனியாகப் போகக் கூடாது. நாமும் உடன் போவோம்.