காலி ரேம் யாருக்கு வேண்டும்?

2011-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. தென்காசியில் அதைத் திறந்து 'ஃப்ரீ' என்ற கட்டளையை அடித்தவர் முதலில் மிரண்டிருப்பார். பெரிதாக எதையும் ஓட்டாதபோதே காலி ரேம் கொஞ்சம்தான் காட்டும். உடனே, "ரேம் போடணும்ணே, வேற வழியில்ல" என்று கடைக்கு ஓட வேண்டுமா? வேண்டாம்!

லினக்ஸ் கெர்னல் ஒரு கோப்பை ஹார்டு டிஸ்கில் இருந்து படித்தால், அதன் நகலைச் சும்மா கிடக்கும் ரேமில் வைத்துக்கொள்ளும். இதுதான் பேஜ் கேஷ். மறுபடி கேட்டால் உடனே கிடைக்கும். வேறு புரோகிராமுக்கு இடம் தேவையென்றால், அதிகம் தொடாத நகல்களைக் கழித்துவிடும். திருத்தி இன்னும் சேமிக்காதவற்றை மட்டும் டிஸ்கில் எழுதிவிட்டுக் கழிக்கும்.

குற்றாலத்தில் சீசன் இல்லாதபோது ஒரு விடுதிக்காரர் காலி அறையில் சாமான் போட்டு வைக்கிறார் என்று வையுங்கள். ஜூனில் சாரல் விழுந்து ஆள் வந்தால் ஒழித்துக் கொடுத்துவிடுவார். அதற்காக 'ரூம் இல்லை' என்று போர்டு மாட்டுவாரா?

இந்தக் குழப்பத்துக்காகவே 2014-ல் வந்த கெர்னல் 3.14, 'அவெய்லபிள்' என்ற உத்தேசக் கணக்கையும் சேர்த்தது. பார்க்க வேண்டியது அதைத்தான். அதுவும் வற்றி, ஸ்வாப்பும் ஓயாமல் ஓடினால் ரேம் வாங்கலாம். அதுவரை கேஷைத் தினமும் துடைப்பது, வட்டிக்கு விட்ட பணத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டுவது மாதிரிதான். பெட்டி நிறையும், வருமானம் நிற்கும்.