மலையும் மலையிரயிலும்

நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, குந்தா மலைகளின் மடியில் அவலாஞ்சி என்னும் இடம் உள்ளது. பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற புல்வெளிகளும், பள்ளங்கள்தோறும் அடர்ந்து நிற்கும் சோலைக்காடுகளும், தெளிந்த ஏரியும் அவ்விடத்தை அழகு செய்கின்றன. ஆயினும், அவ்வழகிய இடத்திற்கு வாய்த்த பெயர் ஓர் அழிவின் பெயர். மலையிலிருந்து பனித்திரள் சரிந்து வீழ்வதை ஆங்கிலத்தில் ‘அவலாஞ்சு’ என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெரியதொரு நிலச்சரிவு நேர்ந்தது. பனிக்குப் பதில் மண்ணும் பாறையும் சரிந்தன. அதனை அறிந்த ஆங்கிலேயர் தம் மொழியில் வழங்கிய சொல்லையே இவ்விடத்திற்குப் பெயராக இட்டனர். அச்சொல்லே தமிழர் நாவில் அவலாஞ்சி ஆயிற்று.

அவலாஞ்சி பெருமழைக்குப் பேர்பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரே நாளில் அங்கே 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. சென்னை மாநகர் ஓராண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு இது! இப்பகுதியின் நீர் குந்தா ஆற்றின் வழியே இறங்கிப் பவானியோடு கலக்கிறது. பவானி மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தைத் தொட்டுச் செல்கிறது. அங்கிருந்துதான் புகழ்பெற்ற நீலகிரி மலையிரயில் புறப்படுகிறது. புறப்பட்ட சிறிது தொலைவிலேயே அது பவானி ஆற்றைப் பாலத்தின் வழியே கடக்கிறது. இரயில் அவலாஞ்சிக்குச் செல்வதில்லை. ஆனால் அவலாஞ்சியின் நீர் அந்த இரயிலின் காலடியிலே செல்கிறது. மலையின் ஒரு புறத்தை மறு புறத்தினின்று பிரிக்க இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மலையிரயிலைக் கண்டு வியப்போர் பலர். அதனை இயக்கும் பொறியைப் போற்றுவோரும் பலர். ஆனால் அது ஏறிச்செல்லும் மலையின் நலத்தை எண்ணுவோர் மிகச் சிலரே. “சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்” என்பது நம் முன்னோர் மொழி. மலை சுவர், இரயில் அதன்மீது எழுதிய சித்திரம். சுவரைப் பேணாமல் சித்திரத்தை மட்டும் பேண முயல்வது வீண் முயற்சி என்பதே இங்கு எடுத்துரைக்க விரும்பும் கருத்தாகும்.

முதலில் அச்சித்திரத்தின் சிறப்பினைக் காண்போம். நீலகிரிக்கு இரயில் பாதை அமைக்கும் எண்ணம் 1854ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. எனினும், எண்ணம் செயலாக நெடுங்காலம் ஆயிற்று. 1891இல் வேலை தொடங்கியது. 1899இல் குன்னூர் வரை வண்டி ஓடிற்று. 1908இல் உதகமண்டலத்தை எட்டிற்று. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலமோ ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையே 46 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. அதில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கொடிய காய்ச்சலும் காட்டு விலங்கும் நிறைந்த சரிவுகளில் பாறையைப் பிளந்து இப்பாதையை அமைத்த தொழிலாளர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் அமைத்த பாதையே அவர்களுக்கு நினைவுச் சின்னமாக நிற்கிறது.

சமவெளியில் இரயில் ஓடுவது சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையிலுள்ள பிடிப்பினால் ஆகும். செங்குத்தான ஏற்றத்தில் அப்பிடிப்பு போதாது, சக்கரம் வழுக்கிவிடும். கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பகுதியில் மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 மீட்டர் தொலைவுக்குப் பாதை ஒரு மீட்டர் உயர்கிறது. ஆதலால் அங்கே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் அமைந்த இரும்புச் சட்டங்கள் இரண்டு பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு, ஏணியில் ஏறுவதுபோல் ஏறுகிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் என்பவர் கண்ட முறை இது. மேலே ஏறும்போது எஞ்சின் வண்டியின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிச் செல்லும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்கை இயக்கும் ஊழியர் ஒருவர் விழிப்புடன் நிற்பார். அன்று சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இவ்வகை எஞ்சின்களை இக்காலத்தில் நம் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையிலே செய்துள்ளனர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும். 1999இல் டார்ஜிலிங் மலையிரயிலை உலகப் பண்பாட்டுச் சின்னமாக ஏற்ற யுனெஸ்கோ நிறுவனம், 2005இல் நீலகிரி இரயிலையும், 2008இல் கால்கா-சிம்லா இரயிலையும் அதனோடு சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

மேற்கூறிய எண்களுள் ஒன்றினை மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 46 கிலோமீட்டர் பாதைக்கு 250 பாலங்கள்! ஏறத்தாழ 200 மீட்டருக்கு ஒரு பாலம் வீதம் அமைந்துள்ளது. இவ்வளவு பாலங்கள் எதற்காக? பேராறுகளைக் கடப்பதற்காக மட்டும் அன்று. கோடையில் வறண்டு கிடந்து மழையில் மட்டும் நீர் ஓடும் சிற்றோடைக்கும் அங்கே ஒரு பாலம் உண்டு. பாதை அமைத்தோர் மலையை வெட்டியவர்களே; அதனை மறுக்க இயலாது. ஆனால் மலைநீரின் வழியை மறித்தால் நீர் தம் பாதையை அடித்துச் செல்லும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே, ஓடை எங்கெல்லாம் இறங்கியதோ அங்கெல்லாம் அதற்கு வழிவிட்டுத் தாம் அதன்மேல் சென்றனர். ஒவ்வொரு பாலமும் மலைக்கு மனிதன் செலுத்திய மரியாதை எனலாம்.

அம்மரியாதை இன்று எல்லா இடத்திலும் காணப்படுகிறதா? இல்லை என்றே சொல்ல வேண்டியுள்ளது. மலைச்சரிவைச் செங்குத்தாக வெட்டி மாடிக் கட்டடம் எழுப்புகின்றனர். ஓடைப் படுகையைத் தூர்த்துப் பாதை போடுகின்றனர். சோலையும் புல்லும் நின்ற இடங்களில் முன்னரே சீகை மரமும் கற்பூர மரமும் பெருமளவில் நடப்பட்டுவிட்டன. புல்லின் வேரும் சோலையின் மட்கிய இலைப் படுகையும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடுக்கும் இயல்புடையன. அவை அகன்ற இடத்தில் நீர் ஒரே வேகத்தில் பாய்கிறது. மண்ணையும் உடன் கொண்டு செல்கிறது. 2009ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியின் பல இடங்களில் நிலம் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையிரயில் பாதையும் பழுதுற்றது. அதன்பின்னும் மழைக்காலங்களில் பாறையும் மண்ணும் தண்டவாளத்தில் வீழ்வதும், வண்டி நிறுத்தப்படுவதும் பலமுறை நிகழ்ந்துள்ளன.

காடு இருந்தால் மலை ஒருபோதும் சரியாது என்று யாரும் சொல்லவில்லை. அவலாஞ்சியில் அந்நாளில் நேர்ந்த சரிவே அதற்குச் சான்று. 2019ஆம் ஆண்டு மழையிலும் அவலாஞ்சியைச் சூழ்ந்த சரிவுகளில் மண் சரிந்தது. இயற்கை தானே சரிக்கும் மலையை நாமும் வெட்டித் தளர்த்துவது அறிவுடைமை ஆகுமா என்பதே கேள்வி. நோயாளியைத் தாக்கக் காற்றே போதும். அவன் போர்வையையும் நாம் பறிக்கலாமா?

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1881இல் திறக்கப்பட்ட டார்ஜிலிங் இரயில் இமயச் சரிவில் வளைந்தும், முன்னும் பின்னுமாகச் சென்றும் ஏறுகிறது. 2010ஆம் ஆண்டு பாக்லாஜோரா என்னுமிடத்தில் நேர்ந்த நிலச்சரிவு அப்பாதையைத் துண்டித்தது. வண்டி மீண்டும் முழு வழியும் ஓடுவதற்கு 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு மழையில் போனதை மீட்க ஐந்தாண்டு ஆயிற்று!

இனி, நம் பற்சட்டம் பிறந்த சுவிட்சர்லாந்தை நோக்குவோம். ஆல்ப்ஸ் மலையில் ஆண்டர்மட் என்னும் சிற்றூர் உண்டு. நீலகிரியில் உள்ளது போன்ற ஆப்ட் பற்சட்டப் பாதையில் அங்கும் இரயில் ஏறுகிறது. ஊருக்கு மேலே உள்ள சரிவில் ஒரு காடு நிற்கிறது. அக்காடு பனிச்சரிவைத் தடுத்து ஊரைக் காக்கிறது என்பதை உணர்ந்த அவ்வூர் மக்கள், அதில் மரம் வெட்டலாகாது என்று 1397ஆம் ஆண்டிலேயே கட்டளை வகுத்தனர். அங்கே இரயில் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டுக்குக் காவல் வந்துவிட்டது! பின்னர், 1876இல், மலைக்காடுகளைக் காப்பதற்கு அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. உலகத்தார் வியக்கும் மலையிரயில்கள் அந்நாட்டில் பல உள்ளமைக்குப் பொறித்திறன் ஒரு காரணம்; மலைக்காட்டைப் போற்றும் மனப்பான்மை மற்றொரு காரணம். நாம் அவர்களிடமிருந்து எஞ்சினை வாங்கினோம், பற்சட்டத்தை வாங்கினோம். அம்மனப்பான்மையையும் வாங்கியிருத்தல் வேண்டும்.

இங்கே சிலர் தடை எழுப்புவர். “பேருந்தில் ஏறினால் இதில் பாதி நேரத்திற்கும் குறைவாகவே உதகையை அடையலாம். பற்சட்டப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் செல்லாத வண்டி எதற்கு? அதற்கு இத்தனை ஊழியரும் செலவும் எதற்கு?” என்பர். விரைவு ஒன்றே பயணத்தின் பயன் என்றால் அவர் கூற்று பொருந்தும். ஆனால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் மெல்ல ஊர்ந்து செல்லும் இவ்வண்டியில் அமர்ந்தவன், அடிவாரத்துப் பாக்குத் தோப்பு மூங்கிற் காடாக மாறுவதையும், மூங்கிற் காடு தேயிலைத் தோட்டமாக மாறுவதையும், வெப்பம் குளிராக மாறுவதையும் படிப்படியாக உணர்கிறான். மலை எத்தகையது, எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு மென்மையானது என்பதை அவன் கண்ணாரக் கற்கிறான். ஆயிரம் பாடங்களால் உணர்த்த முடியாததை இந்த ஒரு பயணம் உணர்த்திவிடும். பள்ளிக்கூடம் நடத்துவதில் இலாபம் எவ்வளவு என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. மலையிரயிலும் ஒரு பள்ளிக்கூடமே. அதற்காகும் செலவு கல்விச் செலவே ஆகும்.

இன்னொரு தடை இதனினும் வலியது. “மலையில் வாழும் உழவர்க்கு உருளைக்கிழங்கும் காரட்டும் தேயிலையும்தாமே வாழ்வு? வீடு கட்டாமலும் நிலம் உழாமலும் அவர்கள் எவ்வாறு வாழ்வார்கள்?” என்பது அது. இக்கேள்வியைப் புறக்கணிக்க இயலாது. உழவையும் குடியிருப்பையும் விலக்குதல் நம் கருத்தன்று. உழுவோர் சரிவை நெடுகக் கீறாமல், படிப்படியாக வரப்பிட்டு உழலாம். கட்டுவோர் ஓடைக்கரையை விட்டு விலகிக் கட்டலாம். எஞ்சியுள்ள சோலையையும் புல்வெளியையும் எவரும் தொடாமல் விடலாம். மண் சரிந்தால் முதலில் புதையுண்டு போவது ஏழையின் குடிசையே அன்றோ? ஆகவே, மலையைக் காப்பது சுற்றுலா வருவோரின் இன்பத்திற்காக மட்டும் அன்று. மலைவாழ் மக்களின் உயிருக்காகவே ஆகும். இதற்குரிய விதிகள் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதாது. மக்கள் நெஞ்சிலும் இருத்தல் வேண்டும்.

மாணவர்களே! ஒருநாள் நீங்களும் நீலகிரி இரயிலில் ஏறுவீர்கள். குகை இருளில் ஆரவாரம் செய்வீர்கள். அருவி கண்டு மகிழ்வீர்கள். அவ்வாறு மகிழ்தல் இளமைக்கு இயல்பே. அத்துடன் மற்றொன்றும் செய்யுங்கள். வண்டி பாலங்களைக் கடக்கும்போது அவற்றின் கீழே நோக்குங்கள். அங்கே நீர் தடையின்றிச் செல்கிறதா, குப்பையும் கழிவும் அடைத்து நிற்கின்றனவா என்று காணுங்கள். கையிலுள்ள உறையைச் சன்னலுக்கு வெளியே எறிய எண்ணும்போது, அஃது எந்த ஓடையை அடைக்கும் என்று நினையுங்கள். உங்கள் ஊர் சமவெளியில் இருந்தாலும் அங்கும் ஓடை உண்டு, வாய்க்கால் உண்டு, ஏரி உண்டு. அவற்றின் வழியை மறித்தல் தகாது என்று எடுத்துச் சொல்லும் துணிவு உங்களுக்கு வருமானால், மலையிரயில் கற்பிக்கும் பாடத்தை நீங்கள் நன்கு கற்றவர் ஆவீர்கள்.

நூறாண்டுகளுக்கு மேலாக அவ்வண்டி மலையேறி வருகிறது. மலையை வென்றதனால் அது நிலைக்கவில்லை. மலையின் நீருக்கு வழிவிட்டதனால் நிலைத்தது. வழிவிட்டவன் வாழ்வான், வழிமறித்தவன் வீழ்வான் என்பதே மலை கூறும் நீதி. அந்நீதியைக் காதில் வாங்காதவர்க்கு நினைவூட்டுவதற்கென்றே போலும், அவலாஞ்சி என்னும் பெயர் இன்னும் நம் நாட்டுப் படத்தில் நின்று நிலவுகிறது.