தீ வளர்த்த காடு

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றும் சேர்ந்தது திரிபலை. அதனை வீட்டு மருந்தாக வைத்திருப்போர் நம்முள் பலர். இம்மூன்று மரங்களும் ஒருங்கே வளரும் இடம் நமது அம்பாறை மாவட்ட எல்லையை அடுத்தே உண்டு. பட்டிப்பளையாற்றின் மேற்பகுதியில், ஊவா மலைகளின் அடிவாரத்தில் உள்ள நில்கலக் காடே அது.

அக்காட்டின் தோற்றம் தனியானது. ஆளுயர மானாப்புல், அதனிடையே விட்டுவிட்டு நிற்கும் மரங்கள். சிங்கள மக்கள் இதனைத் 'தமண' என்பர். அடர்ந்த காடு வளரப் போதிய மழை அங்கு பெய்கிறது. அவ்வாறிருந்தும் அந்நிலம் புல்வெளியாய் இருப்பது ஏன்? தீயே காரணம் என்பர் அறிஞர்.

கச்சான் காற்றை மருதமுனையில் அறியாதார் இலர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சாரலில் மழையைப் பொழிந்து, ஈரமிழந்து, மலையிறங்குகையில் வெப்பமேறி நம்மிடம் வருகிறது. அக்காலத்தில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். இலங்கையில் மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவதால், காட்டுத்தீ ஏறக்குறைய முழுவதும் மனிதர் மூட்டியதே. சேனைக்காக எரித்தனர்; மேய்ச்சலுக்காக எரித்தனர்; இளம்புல்லை நாடி மான் வரும் என்று வேட்டைக்காரர் எரித்தனர். பல தலைமுறைகள் இவ்வாறு எரியவே, மெல்லிய பட்டையுடைய மரங்கள் மறைந்தன. தடித்த பட்டையும், கருகியபின் மீண்டும் துளிர்க்கும் ஆற்றலும் உடையவை நிலைத்தன. திரிபலை மரங்கள் அவ்வாறு நிலைத்தவையே.

அப்படியாயின் தீ நல்லதா? மாணவர்கள் இங்குக் கவனிக்கவேண்டியது, ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் உள்ள இடைவெளியை. நெல்லிக்கன்று தீ எட்டாத உயரம் பெறச் சில ஆண்டுகள் வேண்டும். ஆண்டுதோறும் எரித்தால் அது அடிவரை கருகி, முதலிலிருந்து தொடங்கும். முதிய மரம் விழும்போது அவ்விடத்தை நிரப்ப இளமரம் இராது. வெறுமையான சரிவில் மாரி மழை விழுந்தால், மண் கரைந்து சேனாநாயக்க சமுத்திரத்தில் படியும். நம் பகுதி வயல்களுக்கு நீர் தருவது அக்குளமன்றோ!

தீயை முற்றாகத் தடுத்தால் என்ன ஆகும்? கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடைத் தொடக்கத்திலேயே சருகை மெல்ல எரித்துவிடும் வழக்கமுடையோர். 1974 இல் அம்மலை சரணாலயமாக்கப்பட்ட பின் அவ்வழக்கம் தடைப்பட்டது. காலப்போக்கில் நாயுண்ணிப் புதர் பரவியது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. தீ நின்றதே காரணம் என்கின்றனர் சோளகர். ஆய்வாளரும் அக்கூற்றை மதித்து ஆராய்ந்துள்ளனர்.

ஆகவே, எப்போது எரிகிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது என்பதே காட்டின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. கச்சான் உச்சத்தில், ஆண்டு தவறாமல் வைக்கும் தீயைத் தாங்க எந்தக் கன்றாலும் இயலாது. திரிபலையைக் கையிலெடுக்கும்போது, அதன் கன்றுகளுக்கும் சில ஆண்டு ஓய்வு வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.