முணுமுணுத்தால் போதாது, எழுதிக் கொடுங்கள்

நான் மாலையில் ஷட்டில் ஆடப் போகும் விளையாட்டு மன்றம் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு ஷட்டில் கோர்ட், ஒரு டேபிள் டென்னிஸ் அறை, கேரம் ஆட ஒரு கூடம், அவ்வளவுதான். உறுப்பினர்களில் பாதிப் பேர் ரயில்வே, எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. என்று உழைத்து ஓய்வு பெற்றவர்கள்.

சென்ற ஆண்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஆண்டுச் சந்தா 3,600 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்கிறது, அடுத்த மாதம் முதல் அமல். 'பராமரிப்புச் செலவு உயர்வு' என்று ஒரே வரியில் காரணம். கீழே சிறிய எழுத்தில் ஜி.எஸ்.டி. தனி என்று இருந்தது. அந்த 18 சதவீதத்தையும் சேர்த்தால் 7,080 ரூபாய்.

அன்று மாலை யாரும் ஆடவில்லை. எல்லாரும் பேசினோம். அநியாயம் என்றார் ஒருவர், கேட்பாரில்லை என்றார் மற்றொருவர். மறுநாள் செயலாளர் வந்தபோது எல்லாரும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். நானும் அப்படித்தான் நகர்ந்தேன்.

பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன், டேபிள் டென்னிஸ் ஆடும் ஒரு நண்பர் வரவில்லை. லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். மனைவி இறந்தபின் மாலை ஒரு மணி நேரம் அங்கே வந்து போவதுதான் அவருக்கு ஆறுதல். கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "முழங்கால் வலி சார்" என்றார். ஆனால் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நன்றாகத்தான் நடந்து போனார். அன்றிரவு உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

நம்மவர்கள் ஏன் எழுதுவதில்லை? பிழைக்க வந்த ஊரில் எதற்கு வம்பு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தை இந்த நகரத்தில் கண்ணால் பார்த்தவர்கள் நாம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் சந்தா கட்டும் உறுப்பினர் கணக்குக் கேட்பது வம்பாகாது. அதில் கன்னடர், தமிழர் என்ற பேதமும் இல்லை. என் கடிதத்தில் முதல் கையெழுத்துப் போட்டவர் பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர். அதைக் கன்னடத்தில் எழுதித் தந்தவரும் அவரே. மொத்தம் 22 கையெழுத்து. அதில் தமிழர்கள் ஒன்பது பேர்தான்.

ரயில்வேயில் 37 ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் நான். அங்கே எஸ்டிமேட் இல்லாமல் வேலை எடுக்க முடியாது. அளவுப் புத்தகத்தில் பதியாமல் பில் பாஸ் ஆகாது. அந்தப் பழக்கத்தில் கடிதத்தைச் சுருக்கமாக வைத்தேன். சந்தாவை உயர்த்தவே கூடாது என்று எழுதவில்லை. விளக்கு, தரை, காவலாளி சம்பளம் எல்லாம் ஏறியிருப்பது உண்மைதானே? அறிவிப்பின் தேதியைக் குறிப்பிட்டு நான்கு விஷயங்கள் கேட்டேன். மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கைக் காட்டுங்கள். உயர்த்தும் பணம் எந்த வேலைக்கு, எவ்வளவு என்று சொல்லுங்கள். பைலாவின் எந்த விதிப்படி பொதுக்குழு இல்லாமல் உயர்த்தினீர்கள்? ஓய்வூதியக்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் தவணையோ சலுகையோ உண்டா? 15 நாளில் பதில் வேண்டும் என்று முடித்தேன். யாரையும் தாக்கி ஒரு வார்த்தை இல்லை. நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன்.

மன்றம் பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டவேண்டும், வரவு செலவைப் பதிவாளரிடம் தரவேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து மனுக் கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தவேண்டும். பெரிய மன்றங்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. சர் எம். விஸ்வேஸ்வரையா 1917-இல் தொடங்கிய செஞ்சுரி கிளப், மைசூர் மகாராஜா கொடுத்த கப்பன் பூங்கா நிலத்தில் இருப்பதால், அது தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 2025-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு தனி மனிதர் எழுதிக் கேட்டதில் தொடங்கிய வழக்கு அது.

எங்கள் கதைக்கு வருகிறேன். பதினெட்டாம் நாள் சிறப்புப் பொதுக்குழு கூட்டினார்கள். பொருளாளர் கணக்கை வாசித்தார். கோர்ட் தரையை மாற்றும் செலவு உண்மைதான் என்று எங்களுக்கும் புரிந்தது. அதை ஒரே ஆண்டில் வசூலிக்கத் தேவையில்லை என்று அவர்களுக்கும் புரிந்தது. இந்த ஆண்டு 4,500, அடுத்த ஆண்டு 5,400 என்று முடிவாயிற்று. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் நான்கு தவணையில் கட்டலாம். பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டம் முடிந்ததும் செயலாளரே என்னிடம், "முதலிலேயே கேட்டிருக்கலாமே, யாரும் எதுவும் சொல்லாததால் எல்லாருக்கும் சம்மதம் என்று நினைத்தோம்" என்றார். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

முணுமுணுப்பு காற்றோடு போய்விடும். கடிதம் ஃபைலில் நிற்கும். குடியிருப்போர் சங்கமானாலும், பிள்ளைகளின் பள்ளியானாலும், ஏன், நம் தமிழ்ச் சங்கமே சந்தாவை உயர்த்தினாலும், மனத்தில் பட்டதை மரியாதையாக எழுதிக் கொடுங்கள். பேசாமல் ஒதுங்கிப் போகிறவர் ஏன் போனார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஃபிட்டர் நண்பர் முதல் தவணையைக் கட்டிவிட்டார். முழங்கால் எப்படி என்று நான் கேட்கவில்லை. பேட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன்.